சர்வர் பேக்கப்புக்கு நாஸ்: தேர்வு செய்வதும் அமைப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க்கில் மாட்டி, பல சர்வர்கள் சேர்ந்து பயன்படுத்தும் ஸ்டோரேஜ் பெட்டியைத்தான் நாஸ் என்கிறோம். சின்ன, நடுத்தர ஆபீஸ்களில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் இதை வாங்கும்போதும் அமைக்கும்போதும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கணக்குப் போட வசதியாக ஒரு மாதிரி ஆபீஸை வைத்துக்கொள்வோம்: கணக்கு மென்பொருளான டாலி ஓடும் ஒரு விண்டோஸ் சர்வர், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடும் ஒரு லினக்ஸ் சர்வர், எல்லோரும் ஃபைல் போட்டுவைக்கும் ஒரு ஃபைல் சர்வர். மூன்றிலும் சேர்த்து 3 டிபி டேட்டா.

எத்தனை டிபி நாஸ் வாங்க வேண்டும்?

அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் வேண்டும். சர்வர் ஒருநாள் மொத்தமாகப் போய்விட்டால், எத்தனை மணி நேரத்தில் எல்லாம் பழையபடி ஓட வேண்டும்? இதை முதலாளியிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "சாயங்காலத்துக்குள்" என்று அவர் சொன்னால், அந்த ஒரு வார்த்தைதான் நெட்வொர்க், டிஸ்க், பட்ஜெட் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

சாதாரண ஒரு கிகாபிட் லைனில் நடைமுறையில் விநாடிக்கு 110 எம்பி கிடைக்கும். 3 டிபியைத் திருப்பி எடுக்க ஏழரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலை பத்து மணிக்கு சர்வர் போனால், வேறு எந்தச் சிக்கலும் வராமல் இருந்தாலும் மாலை ஆறு மணி. 2.5 கிகாபிட் ஸ்விட்ச்சும் கார்டும் போட்டால் அதே வேலை சுமார் மூன்று மணி நேரத்தில் முடியும். 10 கிகாபிட் போட்டால் லைன் தடையாக இருக்காது. டிஸ்க்குகள் கொடுக்கிற வேகம்தான் எல்லை. பேக்கப் எடுக்கும் வேகத்தைப் பார்த்து நாஸ் வாங்குகிறவர்களே அதிகம். பேக்கப் இரவெல்லாம் ஓடலாம், யாரும் காத்திருப்பதில்லை. ரீஸ்டோர் நடக்கும்போது ஆபீஸே கைகட்டி உட்கார்ந்திருக்கும்.

சரி, இப்போது அளவைச் சொல்லுங்கள்.

வருடத்துக்கு 25 சதவீதம் டேட்டா கூடும் என்று வைத்தால் 3 டிபி மூன்று வருடத்தில் ஏறக்குறைய 6 டிபி ஆகிவிடும். அந்த 6 டிபியில் தினமும் ஒன்றரை சதவீதம் மாறினால் நாளொன்றுக்கு 90 ஜிபி. முப்பது நாள் வைத்திருக்க 2.7 டிபி வேண்டும். மாதத்துக்கு ஒன்று என்று ஒரு வருடப் பிரதிகளுக்கு இன்னும் 3 டிபி. மொத்தம் 12 டிபிக்குப் பக்கத்தில் வருகிறது. நாஸை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல் இருப்பது நல்லது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டங்கள் நிரம்ப நிரம்பத் தடுமாறும். ஆகவே 15 டிபி பயன்படுத்தக் கிடைக்க வேண்டும். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறைதான் ரெய்டு. நான்கு 8 டிபி டிஸ்க்குகளை ரெய்டு 6இல் போட்டால், இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போக 16 டிபி வரும். திரையில் அது 14.5 என்று காட்டும். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, சிஸ்டம் 1024ஆல் பெருக்குகிறது. டிஸ்க்கில் குறை ஒன்றும் இல்லை.

உங்கள் ஆபீஸின் தினசரி மாற்றம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம். ஒரு வாரம் பேக்கப் ஓடவிட்டு, ஒவ்வொரு நாளும் எத்தனை ஜிபி கூடுகிறது என்று பாருங்கள். வீடியோவும் ஸ்கேன் செய்த பேப்பரும் அதிகம் சேரும் ஆபீஸில் மேலே சொன்ன கணக்கு போதவே போதாது.

ரெய்டு இருக்கிறதே, அது பேக்கப் ஆகாதா?

ஆகாது. ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓடுவதற்குத்தான் ரெய்டு. யாராவது ஒரு ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் அது அழியும்.

ரெய்டு 5 போதுமா, 6 வேண்டுமா?

பெரிய டிஸ்க்குகளுக்கு 6, அல்லது இரண்டே டிஸ்க் என்றால் மிர்ரர் (இரண்டிலும் ஒரே டேட்டா). காரணம் நேரம்தான். 16 டிபி டிஸ்க் ஒன்று போய்ப் புதியதை மாட்டினால், விநாடிக்கு 200 எம்பி என்ற நல்ல வேகத்திலேயே மறுபடி நிரப்ப 22 மணி நேரம் ஆகும். நடுவில் பேக்கப்பும் ஓடினால் இரண்டு மூன்று நாள் இழுக்கும். அவ்வளவு நேரமும் மற்ற டிஸ்க்குகள் மூச்சு விடாமல் படிக்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கியவை, ஒரே வயது. ரெய்டு 5இல் அந்த நேரத்தில் இரண்டாவது டிஸ்க் போனால் எல்லாம் போச்சு. ரெய்டு 6இல் தாங்கும்.

எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கலாம்?

நாஸுக்கென்று விற்கும் ரகங்கள்: சீகேட் அயர்ன்வுல்ஃப், டபிள்யூடி ரெட் பிளஸ், தோஷிபா என்300 போன்றவை. டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் நீண்ட நேரம் முயன்றுகொண்டே இருக்கும். அதற்குள் ரெய்டு கன்ட்ரோலர் "இந்த டிஸ்க் செத்துவிட்டது" என்று வெளியே தள்ளிவிடும். நாஸ் டிஸ்க்குகள் சுமார் ஏழு விநாடியில் முயற்சியை விட்டுவிட்டுப் பிழையைச் சொல்லிவிடும். மீதியை ரெய்டு பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்றும் அவசியம் பார்க்க வேண்டும்: டிஸ்க் சிஎம்ஆரா, எஸ்எம்ஆரா? சிஎம்ஆரில் டேட்டா எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் இருப்பதையும் திரும்ப எழுத வேண்டும். தொடர்ந்து எழுதும் வேலையில் வேகம் படுத்துவிடும், ரெய்டு மறுநிரப்பு நடுவழியில் நின்றுபோகவும் வாய்ப்புண்டு. 2020 ஏப்ரலில், டபிள்யூடி ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சலசலப்பு ஆனது. அதற்குப் பிறகுதான் சிஎம்ஆர் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனியாகப் பெயர் வைத்துப் பிரித்தார்கள். கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல் மாடல் நம்பரை வைத்துக் கம்பெனி வெளியிட்ட பட்டியலில் பாருங்கள். கூடவே ஒரு டிஸ்க் வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் போனால் சென்னை ரிச்சி தெருவில் கடை திறந்திருக்கிறதா என்று தேட வேண்டியிருக்காது.

சினாலஜி, கியூநாப் போன்ற ரெடிமேட் பெட்டியா, ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளைப் போட்டு நாமே கட்டுவதா?

உங்களுக்கு அடுத்து அந்த வேலைக்கு வருகிறவர் யார் என்று யோசித்து முடிவு செய்யுங்கள். ட்ரூநாஸ் எனக்குப் பிடித்தது. அதில் இருக்கும் இசட்எஃப்எஸ், எழுதும் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (சரிபார்க்கும் எண்) வைத்து, டிஸ்க் சத்தமில்லாமல் கெட்டுப்போனாலும் கண்டுபிடித்துச் சரிசெய்யும். ஆனால் அதைப் புரிந்துகொண்டு பராமரிக்க ஆள் வேண்டும். ஆபீஸில் லினக்ஸ் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான், அவரும் நாளை வேறு வேலைக்குப் போகலாம் என்றால் ரெடிமேட் பெட்டியே நல்லது. சினாலஜியில் 'ஆக்டிவ் பேக்கப் ஃபார் பிசினஸ்' என்ற மென்பொருள், அதற்குத் தகுந்த மாடல்களில் தனி லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் வருகிறது. விண்டோஸ், லினக்ஸ் சர்வர்களை முழுதாக அப்படியே பிரதி எடுத்து வைக்கும். அதற்கு வால்யூம் பிடிஆர்எஃப்எஸில் இருக்க வேண்டும். ஆகவே வாங்கும் மாடல் பிடிஆர்எஃப்எஸைத் தாங்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். மலிவான பழைய மாடல்களில் பல தாங்காது.

என்எஃப்எஸ், எஸ்எம்பி, ஐஸ்கசி: எதில் இணைப்பது?

மூன்றும் நாஸில் இருக்கும் இடத்தை நெட்வொர்க் வழியாக சர்வருக்குக் கொடுக்கும் முறைகள். லினக்ஸ் சர்வருக்கு என்எஃப்எஸ், விண்டோஸ் சர்வருக்கு எஸ்எம்பி. ஐஸ்கசி நாஸில் ஒரு பகுதியை சர்வருக்குத் தன் சொந்த டிஸ்க் போலவே காட்டும். பேக்கப்புக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. சர்வருக்குள் புகுந்தவன் அந்த டிஸ்க்கை ஒரே கட்டளையில் ஃபார்மேட் செய்யலாம். ஒரே பகுதியை இரண்டு சர்வர்களில் தவறுதலாக மாட்டினால் ஃபைல் சிஸ்டமே சிதைந்துவிடும்.

எஸ்எம்பி என்றால் பதிப்பு 1ஐ அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்க மருத்துவமனைகளையும் தொழிற்சாலைகளையும் முடக்கிய வான்னாகிரை வைரஸ் பரவியது அந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். பழைய ஸ்கேனர் ஒன்றுக்காக அதைத் திறந்து வைத்திருக்கும் ஆபீஸ்கள் இன்னும் இருக்கின்றன. ஸ்கேனரை மாற்றுங்கள்.

என்எஃப்எஸில் எந்த ஐபிக்கு அனுமதி என்று ஒவ்வொன்றாகக் குறிப்பிடுங்கள். மொத்த நெட்வொர்க்குக்கும் திறந்துவிட வேண்டாம். ரூட்டை (லினக்ஸில் முழு அதிகாரம் உள்ள யூசர்) மட்டுப்படுத்தும் 'ரூட் ஸ்குவாஷ்' லினக்ஸ் என்எஃப்எஸில் இயல்பாகவே இயங்கும். "பர்மிஷன் டினைடு" வருகிறது என்று உடனே அதை அணைப்பதுதான் பலரின் வழக்கம். வேண்டாம். பேக்கப்புக்கென்று தனி யூசர் உருவாக்கி அந்த ஃபோல்டரை அவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்தால் போதும்.

பேக்கப் ஓடியது, ஆனால் நாஸில் ஒன்றும் இல்லை. சர்வர் டிஸ்க் நிரம்பிவிட்டது. ஏன்?

லினக்ஸில் அடிக்கடி நடப்பது இது. நாஸ் அணைந்திருக்கும் நேரத்தில் சர்வர் ரீபூட் ஆகிறது. எதை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் 'நோஃபெயில்' என்று போட்டிருப்பதால், நாஸ் மவுண்ட் ஆகாமலேயே (ஒரு ஃபோல்டரில் இணையாமலேயே) சர்வர் எழுந்துவிடுகிறது. மவுண்ட் ஆக வேண்டிய இடத்தில் ஒரு வெற்று ஃபோல்டர் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஸ்கிரிப்ட் வருகிறது, ஃபோல்டர் இருப்பதைப் பார்க்கிறது, சர்வரின் சொந்த டிஸ்க்கிலேயே எழுதித் தள்ளுகிறது. ரூட் பார்ட்டிஷன் நிரம்பியதும் டேட்டாபேஸ் நின்றுவிடுகிறது. காலையில் இரண்டு பிரச்சினை.

தடுக்க இரண்டு வழி, இரண்டையும் செய்யுங்கள். ஸ்கிரிப்ட்டின் முதல் வேலையாக 'மவுண்ட்பாயின்ட்' கட்டளையால் அந்த இடம் உண்மையிலேயே மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று சோதித்து, இல்லையென்றால் பிழை காட்டி நிறுத்துங்கள். அப்புறம், நாஸ் மவுண்ட் ஆகாத நேரத்தில் அந்த வெற்று ஃபோல்டருக்கு 'சாட்டர்' கட்டளையால் மாற்ற முடியாத பூட்டு போட்டுவிடுங்கள். அதன்பின் ரூட்டாலும் அதற்குள் எழுத முடியாது. நாஸ் மவுண்ட் ஆனதும் வழக்கம்போல வேலை செய்யும்.

சர்வர் நாஸுக்கு அனுப்புவதா, நாஸ் வந்து எடுத்துக்கொள்வதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சர்வர் தானே அனுப்பினால், நாஸில் எழுதவும் அழிக்கவும் வேண்டிய சாவி சர்வரில் இருக்கும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் ஆட்கள் உள்ளே வந்ததும் ஃபைல்களைப் பூட்டுவதில்லை. முதலில் பேக்கப் எங்கே என்று தேடுகிறார்கள், அதை அழித்த பிறகுதான் மற்றதில் கை வைக்கிறார்கள். மவுண்ட் ஆகி நிற்கும் நாஸ் ஷேர், அவர்கள் கண்ணுக்கு இன்னொரு டிரைவ்தான்.

ஆகவே முடிந்தவரை நாஸ் வந்து எடுக்கும்படி அமையுங்கள். சர்வரில் படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு யூசர். நாஸ் அந்தப் பெயரில் எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக வந்து, ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் கருவியால் எடுத்துக்கொண்டு போகட்டும். சர்வருக்கு நாஸின் பாஸ்வேர்டே தெரியாது. சர்வர் முழுதாகப் பிடிபட்டாலும் நாஸுக்குள் போகும் வழி அதில் இருக்காது.

சில இடங்களில் அனுப்பித்தான் ஆக வேண்டும். அப்போது சேர்க்க மட்டும் அனுமதிக்கும் வழியைப் பயன்படுத்துங்கள். போர்க் பேக்கப், ரெஸ்டிக் இரண்டும் பேக்கப் மென்பொருள்கள். போர்க்கிலும், ரெஸ்டிக்கின் ரெஸ்ட் சர்வரிலும் 'அப்பெண்ட் ஒன்லி' என்ற நிலை இருக்கிறது: சர்வர் புதிய பேக்கப்பைச் சேர்க்கலாம், பழையதை அழிக்க முடியாது. பழையதைக் கழிக்கும் வேலையை முழு அனுமதி உள்ள வேறொரு மெஷினிலிருந்து செய்யுங்கள். போர்க்கில் ஒரு எச்சரிக்கை: திருடன் அழித்ததாகக் குறித்துவைத்தவை, நீங்கள் அந்த வேலையைச் செய்யும்போது உண்மையிலேயே அழிந்துவிடும். எனவே கழிப்பதற்கு முன் பட்டியலைக் கண்ணால் பாருங்கள்.

ஆபீஸின் விண்டோஸ் யூசர்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் நாஸைச் சேர்க்க வேண்டாம். டொமைன் அட்மின் பாஸ்வேர்டு பறிபோனால் நாஸும் கூடவே போகும். நாஸ் அட்மினுக்கு வேறு எங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதன் அட்மின் பக்கத்தைத் திறக்க ஒன்றிரண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் அனுமதி. இது அரை மணி நேர வேலை.

ஸ்னாப்ஷாட் எதற்கு?

நாஸுக்குள்ளேயே பழைய நிலைகளை வைத்திருக்க. ஷேர் வழியாக யார் எதை அழித்தாலும் ஸ்னாப்ஷாட்டை அங்கிருந்து தொட முடியாது. மாறிய துண்டுகளுக்கு மட்டுமே இடம் பிடிக்கும். பேக்கப் முடிந்த பிறகு தினமும் ஒன்று எடுத்து, குறைந்தது 30 நாள் வைத்திருங்கள். சினாலஜி பெட்டிகளின் இயங்குதளமான டிஎஸ்எம் 7.2இலிருந்து, அதற்குத் தகுந்த மாடல்களில், குறித்த நாள்வரை அட்மினாலும் அழிக்க முடியாத ஸ்னாப்ஷாட் எடுக்கலாம். ஏழு நாளிலிருந்து தொடங்குங்கள். இடக்கணக்கு பார்க்காமல் நீண்ட காலம் பூட்டினால் நாஸ் நிரம்பும்போது எதையும் கழிக்க முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர் கம்ப்யூட்டரில், பழைய பதிவுகளை அழிக்க வேண்டிய பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்று சுமார் 77 டிபி ஆராய்ச்சி ஃபைல்களை அழித்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்ட்டைத் திருத்தியதில், ஒரு மாறியில் (வேரியபிள்) மதிப்பே இல்லாமல் அழிக்கும் கட்டளை ஓடியது. திருடன் யாரும் வரவில்லை. அழிக்கும் கட்டளை உள்ள ஸ்கிரிப்ட் எதுவானாலும், மாறி வெறுமையாக இருந்தால் நிற்கும்படி எழுதுங்கள்.

டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தால் போதாதா?

போதாது. ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸின் ஃபைல்களைக் காப்பி செய்தால் ஒரு ஃபைல் இரண்டு மணி நிலையிலும் இன்னொன்று இரண்டேகால் மணி நிலையிலும் இருக்கும். திரும்பப் போட்டால் எழாது. எழுந்தால் இன்னும் மோசம். எந்தக் கணக்கு தப்பு என்று கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆகும். போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜிடம்ப் கருவி மூலம் எடுத்து அந்த ஃபைலை நாஸுக்கு அனுப்புங்கள். விண்டோஸில், ஓடிக்கொண்டிருக்கும் ஃபைல்களை ஒரே நேர நிலையில் எடுக்க உதவும் விஎஸ்எஸ் வசதியைப் பயன்படுத்தும் பேக்கப் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள். டாலி டேட்டாவை எல்லோரும் வெளியேறிய பிறகு எடுக்கும்படி நேரம் வையுங்கள்.

வீட்டிலிருந்து பார்க்க நாஸை இன்டர்நெட்டில் திறந்துவிடலாமா?

கூடாது. 2021 ஏப்ரலில் கியூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்று இரண்டு தாக்குதல்களில், இன்டர்நெட்டுக்குத் திறந்திருந்த ஆயிரக்கணக்கான கியூநாப் பெட்டிகள் பூட்டப்பட்டன. வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் விபிஎன் (பூட்டிய தனி இணைப்பு) வழியாக வாருங்கள். ரவுட்டரில் யூபிஎன்பியையும் அணையுங்கள். நீங்கள் கேட்காமலேயே அது போர்ட் திறந்துவிடும்.

ஆபீஸிலேயே நாஸ் இருக்கிறது. வெளியே இன்னொரு காப்பி அவசியமா?

அவசியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று எரிந்து சாம்பலானது. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்குத் திரும்பப் பெற ஒன்றுமே இல்லாமல் போனது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தரைத்தளத்தில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறும் என்று தெரியும். மாடிக்கு ஏற்றினால் மட்டும் போதாது. திருட்டுக்கும் தீக்கும் மாடி ஒரு பொருட்டல்ல.

கிளை ஆபீஸில் இன்னொரு நாஸ், அல்லது கிளவுட், அல்லது வாரம் ஒருமுறை கழற்றி வேறு இடத்துக்கு எடுத்துப் போகும் டிஸ்க். முதல் பிரதியை மட்டும் நேரில் கொண்டுபோய் நிரப்பிவிட்டு, பிறகு மாற்றங்களை லைனில் அனுப்புங்கள். விநாடிக்கு 50 மெகாபிட் ஏறும் லைனில் 3 டிபி முழுதாகப் போக ஐந்தரை நாளுக்கு மேல் ஆகும். இன்றைய 3 டிபியில் தினசரி மாற்றமான 45 ஜிபி மட்டும் என்றால் இரண்டு மணி நேரம்.

வெளியே போகும் எதையும் என்கிரிப்ட் செய்யாமல் அனுப்ப வேண்டாம். சாவியை சர்வரிலோ நாஸிலோ மட்டும் வைத்தால் அவற்றோடு சாவியும் போகும். பேப்பரில் அச்சிட்டு லாக்கரில் ஒன்று, முதலாளி வீட்டில் ஒன்று வையுங்கள்.

யூபிஎஸ் வேண்டுமா?

கட்டாயம். அதுவும் யூஎஸ்பி கேபிளால் நாஸோடு பேசும் யூபிஎஸ். கரன்ட் போய் பேட்டரி தீரும் தறுவாயில் நாஸ் தானாக ஒழுங்காக அணையும். இன்வெர்ட்டரில் மாட்டினால் இந்தப் பேச்சு நடக்காது.

பேக்கப் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரீஸ்டோர் செய்து பார்த்துத்தான். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடைச் சேமித்துவைக்கும் தளமான கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். தினசரி பேக்கப்பைத் தேடிப் போனால் அங்கே ஒன்றும் இல்லை. பிஜிடம்ப் பதிப்பும் டேட்டாபேஸ் பதிப்பும் பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களோ, அனுப்பியவர் சரிபார்ப்பு இல்லாததால், பெறும் சர்வரிலேயே நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்து வைத்த ஸ்னாப்ஷாட் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். அந்த நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அதிலிருந்து இரண்டு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். தோல்வி மெயிலை நம்பாமல், வெற்றி மெயில் வராத நாளைப் பிரச்சினை நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு சர்வரை முழுதாக வேறொரு மெஷினில் எழுப்பி, கணக்காளரை உட்காரவைத்து நேற்றைய பில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி, முதலாளி சொன்ன நேரத்தோடு ஒப்பிடுங்கள். மாதம் ஒருமுறை நாஸில் எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் 'ஸ்கிரப்' ஓடும்படியும் வையுங்கள். யாரும் தொடாத பழைய பேக்கப்பில் டிஸ்க் கெட்டிருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரின் டேட்டாஸ்டோரை நாஸில் வைக்கலாமா?

வேலை செய்யும், ஆனால் நொந்துபோவீர்கள். விர்ச்சுவல் மெஷின்களை பேக்கப் எடுக்கும் இந்த மென்பொருள், டேட்டாஸ்டோர் என்ற தன் சேமிப்பிடத்தில் பேக்கப்பை லட்சக்கணக்கான சிறு துண்டுகளாக வைத்து, சரிபார்க்கவும் கழிக்கவும் ஒவ்வொன்றாகத் தேடும். என்எஃப்எஸ் வழியாக அந்தத் தேடல் மிக மெதுவாக நடக்கும். தனி மெஷினில் எஸ்எஸ்டியோடு அதை ஓடவிட்டு, நாஸை இரண்டாம் பிரதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நாஸை என்ன செய்வது?

கம்பெனி இன்னும் அப்டேட் தருகிறது என்றால் கிளை ஆபீஸுக்கு அனுப்பி வெளிப்பிரதிக்கு வையுங்கள். அப்டேட் நின்றிருந்தால் நெட்வொர்க்கிலிருந்து கழற்றிவிடுங்கள். விற்பதானால் டிஸ்க்குகளை எடுத்துவிட்டு வெறும் பெட்டியை விற்கலாம். டிஸ்க்குகளை முழுதாக மேலெழுதிய பிறகே வேறு வேலைக்குக் கொடுங்கள்.